கிணற்று மேட்டுக் கல்லை மீன் தொட்டிக்குத் தயார் செய்தது

மீன் தொட்டிக்குக் கல் எடுப்பவர்கள் பெரும்பாலும் கவலைப்படுவது அழுக்கைப் பற்றித்தான். அழுக்கு தேய்த்தால் போய்விடும். கல்லிலேயே சுண்ணாம்பு இருந்தால் எவ்வளவு தேய்த்தும் பயனில்லை, அது தண்ணீரில் மெல்லமெல்லக் கரைந்து கடினத்தன்மையையும் பிஎச் என்னும் அமில-கார அளவையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். கோயமுத்தூரில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணித் தண்ணீர், உப்பே இல்லாத மென்மையான தண்ணீர், நான் வளர்ப்பது நியான் டெட்ரா, அதற்கு அப்படிப்பட்ட தண்ணீர்தான் பிடிக்கும். அதைக் கெடுக்காத கல்தான் எனக்கு வேண்டும்.

ஆற்றுக்கல் அழகாக உருண்டிருக்கும், ஆனால் நொய்யலில் திருப்பூருக்குக் கீழே எடுக்க எனக்கு மனம் வரவில்லை. 2011-ல் உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குக் கழிவு ஓடிய ஆறு அது. காங்கேயம் பக்கம் மாமனார் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது அள்ளிப்போட்ட கல் மேடாகக் கிடக்கிறது. கேட்டதும் "கல்லுக்கு என்னங்க மாப்ள பஞ்சம், வேணுங்கறத எடுத்துக்கோங்க" என்றார். வரப்போரம் கிடந்ததைத் தொடவில்லை, அங்கே வருஷக்கணக்காக மருந்து அடித்திருக்கிறார்கள். கருங்கல்லும், கறுப்பு வெள்ளை வரியோடிய கல்லும், வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) சிலதும் பொறுக்கினேன். துருக்கறை வடிந்ததையும், உடைத்த இடத்தில் பித்தளை மாதிரி மின்னியதையும் விட்டுவிட்டேன், அதில் உலோகம் இருக்கலாம்.

இங்கேதான் நம் ஊர் மண்ணின் குணத்தைக் கவனிக்க வேண்டும். கருங்கல்லும் வெங்கச்சாங்கல்லும் தண்ணீரை ஒன்றும் செய்யாது. ஆனால் கொங்கு மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே பல இடங்களில் சுக்காங்கல் என்ற சுண்ணாம்புக் கல் வந்துவிடும், அந்தச் சுண்ணாம்பு நல்ல கல்லின் மேலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டி ஒட்டியிருக்கும். பார்த்தால் காய்ந்த மண் என்றுதான் தோன்றும். அதனால் கல்லின் ஒரு பக்கத்தை மட்டும் சோதித்தால் போதாது. நன்றாகக் கழுவி, காயவைத்து, எல்லாப் பக்கமும், முக்கியமாகப் பள்ளத்திலும் விரிசலிலும் வினிகரை விட்டுப் பார்க்க வேண்டும். நுரை பொங்கினால் சுண்ணாம்பு. வினிகர் வலு குறைந்த அமிலம், சில சமயம் பொடிப்பொடிக் குமிழிதான் வரும், வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை இதற்கு எடுக்காதீர்கள், அதில் நிறமும் சோப்பும் கலந்திருக்கும்.

பொருக்கு மட்டும் பொங்கிய கற்களை உளியால் லேசாகத் தட்டி, மீதியை வினிகரில் ஊறப்போட்டேன். நுரை அடங்கியதும் வினிகரை மாற்ற வேண்டும், பழையதில் வீரியம் இருக்காது. கடைசியில் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசிவிட்டேன். முழுக்கவே பொங்கிய கல்லைத் தனியே வைத்துவிட்டேன்.

அப்புறம் சுத்தம். சோப்பு கூடாது, தேங்காய் நாரும் பழைய டூத் பிரஷும் போதும். கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடச் சொல்வார்கள், நான் செய்யமாட்டேன். விரிசலுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியானால் கல் வெடித்துத் தெறிக்கலாம். வாளியில் கல்லைப் போட்டுக் கொதிநீரை மேலே ஊற்றி, ஆறும்வரை விட்டேன். பாசி பிடித்திருந்தால் திரவ ப்ளீச் கலந்த தண்ணீரில் ஊறவைக்கலாம், ஆனால் வினிகரோ ஆசிட்டோ அதோடு சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பிவிடும். ப்ளீச்சிங் பவுடரும் வேண்டாம், சுண்ணாம்புப் படிவை விட்டுப்போகும். ப்ளீச் போட்டவர்கள் மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் கலந்த தண்ணீரில் மறுபடி ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டு, வாடையே இல்லை என்று ஆன பிறகுதான் எடுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் கற்களை வாளியில் சிறுவாணித் தண்ணீரில் மூழ்கவிட்டு, பக்கத்தில் கல் இல்லாமல் இன்னொரு வாளி அதே தண்ணீரை வைத்தேன். ஒரு வாரம் கழித்து இரண்டிலும் டிடிஎஸ்ஸும் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) பிஎச்சும் பார்த்தால் ஒன்றுபோல இருக்க வேண்டும், இருந்தது. இந்த ஒப்பீட்டை யாரும் தவிர்க்காதீர்கள், வினிகரில் தப்பியது இதில் மாட்டிவிடும்.

அடுக்குவதில் ஒன்றுதான்: மணலுக்கு மேலே வைக்காமல், கண்ணாடித் தரையில் தெர்மாகோல் துண்டு போட்டு, பெரிய கல்லை அதன் மேல் நிறுத்தி, பிறகுதான் மணல் கொட்ட வேண்டும். இல்லையென்றால் மீன் மணலைப் பறிக்கும்போது கல் சாய்ந்து கண்ணாடியில் மோதும்.

அந்தப் பொங்கிய கல்லை மச்சான் எடுத்துக்கொண்டார். அவர் வீட்டில் போர் தண்ணீர், வளர்ப்பது மோலி, அதற்குக் கடினத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும்.