கால் மில்லிமீட்டர்

விமான இன்ஜின் பராமரிப்பில் சேர்ந்த புதிதில் எனக்கு இன்ஜினின் முன்னால் சுழலும் விசிறிதான் எல்லாம். ஏ320 விமானத்தின் பழைய சிஎஃப்எம்56-5பி இன்ஜினில் அதன் விட்டம் 173 சென்டிமீட்டர், பிளேடுகள் 36. அதே விமானத்தின் புதிய நியோ ரகத்துக்கு வந்த லீப்-1ஏ இன்ஜினில் 198 சென்டிமீட்டர், கார்பன் இழையில் நெய்த பிளேடுகள் 18 மட்டுமே. உள்ளே போய் எரியும் காற்று ஒரு பங்கு என்றால், எரியாமல் வெளிப்பக்கமாகவே போகும் காற்று சுமார் 11 பங்கு. பழையதில் அது ஆறைத் தாண்டாது. கொஞ்சம் காற்றை வேகமாகப் பீய்ச்சுவதைவிட நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளினால் எரிபொருள் மிச்சம். சரி, இது பாடத்தில் படித்ததுதான்.

எரிந்த சூடான வாயு சுழற்றுகிற டர்பைனின் அருமை ஒரு ராத்திரி ஷிஃப்டில்தான் புரிந்தது. அன்று போரோஸ்கோப் பரிசோதனை, அதாவது இன்ஜினைப் பிரிக்காமல் மெல்லிய கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பது. நான் இன்ஜினைக் கையால் சுற்றச் சுற்ற, சீனியர் உயர் அழுத்த டர்பைன் பிளேடுகளை ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்துக்கொண்டே வந்தார். மொத்தம் 80. திடீரென்று, "நிறுத்துப்பா" என்றார்.

ஒரு பிளேடின் நுனி கருகி, லேசாகத் தேய்ந்திருந்தது. "இவ்வளவுதானே சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. நுனிக்கும் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே நழுவிப் போகிற சூடான வாயு டர்பைனைச் சுழற்றாமலே போய்விடுகிறது என்றார். அந்த இடைவெளி கால் மில்லிமீட்டர் கூடினாலே எரிபொருள் செலவு சுமார் 1 சதவீதம் ஏறும், வெளியேறும் வாயுவின் சூடும் 10 டிகிரி கூடும்.

அதற்காக ஒட்டி வைத்துவிடவும் முடியாது. டேக்ஆஃபில் ரோட்டர், அதாவது பிளேடுகளோடு சுழலும் பகுதி, சுழற்சியாலும் சூட்டாலும் சட்டென்று விரியும். அந்த வளையத்தைத் தாங்கும் வெளி உறை அவ்வளவு சீக்கிரம் விரியாது. உரசிவிடும். அதனால் கொஞ்சம் இடம் விட்டு வடிவமைத்து, உயரத்தில் சீராகப் பறக்கும்போது உறையின் மேல் குளிர்ந்த காற்றை ஊதி அதைச் சுருங்க வைக்கிறார்கள். பறந்துகொண்டே தன் உறையைத் தானே இறுக்கிக்கொள்கிற இன்ஜின்! இதை யோசித்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அன்று அளந்து பார்த்தோம். தேய்மானம் வரம்புக்குள்தான் இருந்தது. அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பதைப் பதிவேட்டில் குறித்துவிட்டு, "ம், சுத்து" என்றார். இன்னும் 31 பிளேடுகள் பாக்கி இருந்தன.