இரவு இரண்டு மணி வியர்வை

மார்ச் 3
இரவு 2.10. நைட்டி முதுகோடு ஒட்டிக்கொண்டு, தலையணை உறை தொப்பலாக நனைந்துவிட்டது. மூன்று நிமிடம் அனல், அப்புறம் குளிர் நடுக்கம். உடை மாற்றிப் படுத்தால் நாலு மணிக்கு மறுபடியும். மாதவிலக்கு வந்து 14 மாதம் ஆகிறது. 12 மாதம் வராவிட்டாலே மெனோபாஸ் என்று கணக்கு. சாயங்காலமானால் கணுக்காலும் வீங்கிவிடுகிறது. எல்லாம் இந்த வயதின் கோளாறுதான்.

மார்ச் 6
நீர் கோத்துக்கொள்கிறதே என்று மூன்று நாளாகத் தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன். தலைவலியும் மஞ்சள் சிறுநீரும்தான் மிச்சம். வீக்கம் அப்படியே. ராத்திரி அவ்வளவு வியர்த்துவிட்டுப் பகலில் குடிக்காமல் இருப்பதைவிட முட்டாள்தனம் உண்டா? குறைக்க வேண்டியது உப்பை: நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது சமதளமாக ஒரு டீஸ்பூன். பாக்கெட் நொறுக்குத்தீனியில் ஒளிந்திருப்பதும் இதில் சேர்த்தி.

மார்ச் 10
டாக்டர் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்து, மெல்ல மேலே வந்தது. ஒரு காலில் மட்டும் வீக்கமா, கெண்டைக்காலில் வலியா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். மூன்றும் இல்லை. காய்ச்சலும் எடைக் குறைவும் உண்டா என்றும் கேட்டார். ராத்திரி வியர்வைக்கு வேறு காரணங்களும் இருக்குமாம். "பிரஷருக்கு என்ன மாத்திரை?" அம்லோடிபைன். டிசம்பரில் ஆரம்பித்தது, வீக்கம் ஜனவரியில் வந்தது. அந்த மாத்திரைக்குக் கணுக்கால் வீங்குவது வழக்கமாம். நான் பாவம் மெனோபாஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்! நானாக நிறுத்தக்கூடாது என்று சொல்லி, வேறு மாத்திரை எழுதினார். தைராய்டுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தப் பரிசோதனை.

வியர்வை மட்டும் மெனோபாஸின் வேலைதான் என்றார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் ஹைபோதலாமஸ் கொஞ்சம் சூட்டையே பெரிதாக எடுத்துக்கொண்டு வியர்வையைத் திறந்துவிடுகிறது. ஹார்மோன் சிகிச்சைதான் அதிகம் கேட்கும். மார்பகப் புற்றுநோய், ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு வந்தவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை. எனக்கு அவை இல்லை. ரிப்போர்ட் வரட்டும், பேசலாம் என்றார்.

மார்ச் 24
செருப்பு வார் பதிந்த தடம் காணோம். ரிப்போர்ட்டில் பிரச்சினை இல்லை. வியர்வைக்கு இப்போதைக்குக் கனமான போர்வைக்குப் பதில் மெல்லிய பருத்தித் துணி இரண்டு, கட்டிலருகே மாற்று நைட்டி. ஃபேன் முழு வேகத்தில். பக்கத்தில் படுப்பவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு முனகுகிறார். முனகட்டும்.

மார்ச் 27
இரவு 3.20. ஒரே ஒரு தடவை. எழுந்திருக்கவில்லை, தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.