லூர்தில் முதல் வரிசை யாருக்கு?

பிரான்ஸில் உள்ள லூர்து மாதா திருத்தலத்துக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டவை நீல நிற வண்டிகள். மாதா காட்சி தந்த குகையான கெபியைப் பார்த்தது அப்புறம்தான். நடக்க முடியாதவர்கள் அந்த வண்டிகளில் உட்கார்ந்திருக்க, ஒருவர் முன்னால் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் போகிறார். வண்டி வந்தால் கூட்டம் தானாக ஒதுங்குகிறது. கெபி முன்பு முதல் இடம் நோயாளிகளுக்குத்தான். முக்கியப் பிரமுகர்களுக்கு வழிவிட்டே பழகியவர்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருக்கும்.

வண்டி இழுப்பவர்கள் தொண்டர்கள். பயணச் செலவும் தங்கும் செலவும் அவர்களுடைய கைக்காசு. விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து படுக்கை விரிக்கிறார்கள், சாப்பாடு ஊட்டுகிறார்கள், கழிப்பறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகிறார்கள். ஊரில் யார் என்ன வேலை பார்க்கிறார் என்று அங்கே யாரும் யாரையும் விசாரித்துப் பார்க்கவில்லை.

இந்தத் திருத்தலம் உருவாகக் காரணமான பெண்ணும் கடைசி வரிசைக்காரிதான். 1858 பிப்ரவரி 11 அன்று விறகு பொறுக்கப் போன இடத்தில் மாதாவின் முதல் காட்சியைக் கண்டபோது பெர்னதெத்துக்கு வயது 14. மூச்சிரைப்பு நோய், எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவின் மாவு ஆலைத் தொழில் நொடித்துப்போய், குடும்பத்தில் ஆறு பேரும் பழைய சிறைக்கூடத்தின் ஒரே அறையில் இருந்தார்கள். அந்த அறையை இன்றும் பார்க்கலாம். பெரிய ஆலயமான பசிலிக்காவைவிட எனக்கு அதுதான் கோயிலாகப் பட்டது.

பிப்ரவரி 25 அன்று, மாதா சொன்னபடி அவள் கெபிக்குள் மண்ணைத் தோண்டினாள். கலங்கிய தண்ணீரைக் குடித்தாள், சேற்றை முகத்தில் பூசிக்கொண்டாள். பார்த்தவர்களில் பலர் பைத்தியம் என்றே முடிவு கட்டினார்கள். அந்த ஊற்றுத் தண்ணீருக்காகத்தான் இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

என் முறை வந்தபோது, என்னைவிட வயதில் மூத்த ஒரு பெண்மணி குனிந்து, என் கைகளில் அந்தத் தண்ணீரை ஊற்றினார். முகம் கழுவி, கொஞ்சம் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கூச்சமாக இருந்தது. பாத்திரத்தை அவர் கையிலிருந்து வாங்கி நானே ஊற்றிக்கொள்ளலாமா என்று கை பரபரத்தது. யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில், இயேசு கால் கழுவ வரும்போது பேதுரு மறுப்பாரே, அந்தக் கூச்சம்தான். உதவி செய்யும்போது நாம் ஒரு படி மேலே நிற்கிறோம். வாங்கிக்கொள்ளும்போதுதான் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. தாழ்ச்சி எங்கே கடினம் என்று கேட்டால், இனி இந்த இடத்தைத்தான் சொல்வேன்.

பெர்னதெத் இதை நன்றாகவே அறிந்திருந்தார். 1866-இல் நெவேர் நகரின் கன்னியர் மடத்தில் சேர்ந்து, நோயாளிச் சகோதரிகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு அவரே படுக்கையில் விழுந்தார். "இங்கே என்ன செய்கிறாய்?" என்று கேட்டதற்கு, "என் வேலையைச் செய்கிறேன். நோயாளியாக இருப்பதுதான் என் வேலை" என்ற பொருளில் பதில் சொன்னாராம். வேலை முடிந்ததும் கதவுக்குப் பின்னால் வைக்கப்படும் துடைப்பத்தோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டதாகவும் சொல்வார்கள். 1879-இல் இறந்தபோது அவருக்கு வயது 35.

லூர்தில் இன்னொன்றையும் கவனித்தேன். ஒரு தொண்டர் சக்கர நாற்காலியை நகர்த்துவதற்கு முன்னால், சுற்றிவந்து அதில் இருந்தவரின் முகத்துக்கு நேரே குனிந்து, "போகலாமா?" என்று கேட்டார். அந்தப் பெரியவர் "கொஞ்சம் பொறு" என்பதுபோல் கையைக் காட்டினார். தொண்டர் காத்திருந்தார். பின்னால் ஒரு கூட்டமே நின்றது.

வீட்டில் முதியவரைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு இது புரியும். குளிக்க வைப்பதும் மாத்திரை கொடுப்பதும் பெரும்பாலும் நம் வசதிப்படி நடந்துவிடும். இப்போது நான் முதலில் கேட்கிறேன். "அப்புறம்" என்று பதில் வந்தால் எரிச்சல் வரத்தான் செய்கிறது. அப்புறமே வருகிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.