இறகில்லாத அம்பை விட்டு வில்லைச் சரிசெய்தது

வெளிநாட்டில் காம்பவுண்ட் வில்லோடு (இரு முனையிலும் சக்கரம் வைத்த நவீன வில்) வேட்டைக்குப் போகிறவர்கள் சீசனுக்கு முன்னால் ஒரு சோதனை செய்வார்கள். சாதாரண முனை போட்ட அம்பையும் பிளேடு வைத்த பிராட்ஹெட் போட்ட அம்பையும் ஒரே குறிக்கு விட்டுப் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தால் நிம்மதி. பிராட்ஹெட் மட்டும் தனியாக விலகினால், அம்பு நாணை விட்டுக் கிளம்பும்போதே கோணலாகக் கிளம்புகிறது என்று பொருள். சாதாரண முனையில் அந்தக் கோணலைப் பின்னால் இருக்கும் இறகு பத்துப் பதினைந்து மீட்டருக்குள் நிமிர்த்திவிடும். பிளேடு இருந்தால் அதுவும் முன்னால் நின்று காற்றைப் பிடிக்கும். இறகு ஒரு பக்கம் இழுக்க, பிளேடு இன்னொரு பக்கம் இழுக்கும்.

இங்கே வேட்டைப் பேச்சுக்கே இடமில்லை. 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, எனக்கு அந்த ஆசையும் கிடையாது. 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கத்தையும் நம் ஆட்களே அள்ளியதைப் பார்த்துத் தொற்றிக்கொண்ட பைத்தியம் இது. ஆனால் அந்தச் சோதனை மட்டும் பிடித்திருந்தது. அதனால் பிளேடுக்குப் பதிலாக இறகே ஒட்டாத அம்பை எடுத்துக்கொண்டேன். பேர் ஷாஃப்ட் என்பார்கள். நிமிர்த்திவிட இறகு இல்லாததால் வில் செய்கிற தப்பு அப்படியே இலக்கில் தெரியும்.

இடம் தாராபுரம் பக்கம், சித்தப்பா தோட்டம். தென்னைக்கு நடுவே நேர்கோட்டில் 50 மீட்டர் கிடைக்கிறது, இலக்குக்குப் பின்னால் கிணறு வெட்டியபோது போட்ட மண்மேடு. இலக்கு என் சொந்தத் தயாரிப்பு: யூரியா சாக்குக்குள் திருப்பூர் பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட்டைக் காலால் மிதித்து மிதித்து அடைத்தது. பழைய துணியை அடைத்தால் பட்டன், ஜிப் எங்காவது ஒளிந்திருந்து அம்பை உடைக்கும். கட்டிங் வேஸ்ட்டில் அந்தப் பயம் இல்லை. அம்பும் சுலபமாக உருவ வரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பதினோரு மணிக்கெல்லாம் மட்டையை ஆட்டத் தொடங்கிவிடும். இறகில்லாத அம்பை அந்தக் காற்றில் விடுவதில் அர்த்தமே இல்லை. விடிந்ததும் ஆரம்பித்து வெயில் ஏறுமுன் முடித்துவிடுவேன்.

முதலில் அளவுகள். என் வில் 50 பவுண்டு, லெட்-ஆஃப் 80 சதவீதம். அதாவது முழுக்க இழுத்த பிறகு விரலில் நிற்பது 10 பவுண்டு, நாலரைக் கிலோதான். அந்தச் சுகத்தைக் கொடுப்பது இரு முனையிலும் இருக்கும் கேம் என்கிற சக்கரம். இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பி நிற்க வேண்டும். தங்கச்சி மாப்பிள்ளை நான் இழுப்பதை போனில் ஸ்லோமோஷனில் எடுத்துக் கொடுத்தார். மேல் கேமின் நிறுத்தம் கேபிளை (கேம்களை இணைக்கும் கயிறு) தொட்ட பிறகு, ஒரு கண் சிமிட்டும் நேரம் கழித்துத்தான் கீழ் கேம் தொட்டது. இதை வீட்டில் சரிசெய்ய முடியாது, வில்லை அமுக்கிப் பிடிக்கும் பிரஸ் வேண்டும். கோவையில் தெரிந்த ஒரு கோச்சிடம் கொண்டுபோய்க் கேபிளில் ஒரு முறுக்கு ஏற்றி வாங்கி வந்தேன். பிரஸ் இல்லாமல் கயிறு கட்டி இழுத்துக் கேபிளைக் கழற்றும் வீடியோக்கள் நிறைய ஓடுகின்றன. தயவு செய்து வேண்டாம்.

அப்புறம் ரெஸ்ட், அம்பைத் தாங்கும் பகுதி. கொத்தனாரிடம் கடன் வாங்கிய சின்ன ரசமட்டத்தை நாணில் ஒன்று, அம்பின் மேல் ஒன்று என வைத்து, அம்பு நாணுக்குச் செங்குத்தாக உட்காரும்படி டி-லூப்பை, நாணில் அம்பு மாட்டும் இடத்தில் வரும் கயிறு வளையத்தை, கட்டினேன். வில்லின் நடுப்பகுதியான ரைசரில் ரெஸ்ட் மாட்டும் துளையின் நடுவே அம்பு போக வேண்டும். பக்கவாட்டில் ரைசரிலிருந்து அம்பின் நடுவுக்கு 20 மில்லிமீட்டர் சுமார் வைத்தேன். இது தொடங்குவதற்கான அளவு மட்டுமே.

இரண்டு மீட்டர் தள்ளி நின்று சட்டத்தில் ஒட்டிய செய்தித்தாள் வழியாக அம்பை விட்டால் கிழிசல் கதை சொல்லும். முனை போன ஓட்டை ஒரு பக்கம், இறகு கிழித்த வால் இன்னொரு பக்கம். எனக்கு வால் மேலே கிழிந்தது, ஏறக்குறைய ஒரு விரல் அகலம். ரெஸ்டை அரை அரை மில்லிமீட்டராக ஏற்றினேன். கிழிசல் சுருங்கியது, ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் அசையவில்லை. இந்த மாதிரி பிடிவாதம் பிடித்தால் இறகு எங்கோ உரசுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். முகத்துக்குப் போடும் பவுடரை ரெஸ்டிலும் அதைச் சுற்றியும் தட்டிவிட்டு ஒரு அம்பு விட்டேன். ரெஸ்டின் இடது கவையில் பவுடர் மேல் முடி அளவுக்கு ஒரு கோடு. கீழ் இறகின் ஓரத்தில் அதே வெள்ளை. அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் ‘நாக்’ என்ற பிளவை அம்பில் கொஞ்சம் திருப்பி வைத்ததும் கோடும் போனது, கிழிசலும் உருண்டை ஓட்டையாக ஆனது.

பலரும் இதோடு நிறுத்திவிட்டு குறிபார்க்கும் சைட்டைத் திருகப் போய்விடுகிறார்கள். என் பார்வையில் காகிதம் ஒரு முன்னோட்டம்தான். இரண்டு மீட்டரில் இறகும் சேர்ந்தே வேலை செய்கிறது, கையின் நடுக்கமும் அதில் கலந்திருக்கிறது. உண்மை 20 மீட்டருக்கு அப்பால்தான்.

20 மீட்டரில் இறகு ஒட்டிய அம்பு மூன்று, ஒட்டாதது இரண்டு. பக்கத்துத் தோட்டத்து அப்பாரு மாடு ஓட்டிப் போகும்போது நின்று, “ஏங்கண்ணு, றெக்கையில்லாத அம்பு எங்க போய்ச் சேருமுங்க?” என்றார். அன்றைக்குச் சாக்கின் கீழ்மூலைக்குப் போனது. கூடவே இடது பக்கமும் விலகியது. இங்கே ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டேன்: இறகில்லாத அம்புகள் தங்களுக்குள் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் வில்லைத் தொட வேண்டும். அவை ஆளுக்கொரு திசையில் போனால் குறை கையில். பிடியை இறுக்கிப் பிடித்தால் ரைசர் திரும்பும், அம்பு பக்கவாட்டில் போகும். விரல்களைத் தளர்த்தி, கட்டைவிரல் மேட்டில் மட்டும் வில் உட்காரும்படி பழகிய பிறகே என்னுடையவை ஒன்றாகச் சேர்ந்தன.

அதன் பிறகு வேலை எளிது. இறகில்லாதது கீழே விழுந்தால் ரெஸ்டை ஏற்று, இடதில் விழுந்தால் வலதுக்கு நகர்த்து. அதாவது இறகு அம்பு இருக்கும் பக்கமாக ரெஸ்ட் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு திசை, அதுவும் இமை முடி அளவு. மேல்கீழ் சீக்கிரம் ஒன்றானது. இடது வலது பாதி வந்து நின்றுவிட்டது. ரெஸ்டை இன்னும் தள்ளினால் நடுக்கோட்டை விட்டே போய்விடும் போலிருந்தது.

காரணம் ஸ்பைன், அதாவது அம்பின் விறைப்பு. 28 அங்குல இடைவெளியில் அம்பைத் தாங்க வைத்து நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு வளைகிறதோ அதுதான் ஸ்பைன் எண். அரை அங்குலம் வளைந்தால் 500. எண் குறைந்தால் அம்பு விறைப்பு. என்னுடையது 500, முனையில் 120 கிரெயின் எடை. முன்னால் எடை கூடக் கூட அம்பு கூடுதலாக வளையும். 100 கிரெயின் முனைக்கு மாறினேன், வித்தியாசம் ஒன்றரைக் கிராம்கூட இல்லை. ஆனாலும் பக்க விலகல் உள்ளங்கை அகலத்திலிருந்து இரண்டு விரலுக்கு வந்தது. மீதியை ரெஸ்ட் பார்த்துக்கொண்டது. கிரெயின் கணக்கில் மாற்றுவதற்கு முனைப் பெட்டி ஒன்று வாங்கி வைப்பது சைட்டுக்குக் கொட்டும் காசைவிட உபயோகம்.

கடைசியாகத் தூர சோதனை. சாக்குக்கு முன்னால் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலை மார்க்கர் பேனாவால் சாக்கில் கோடாக இழுத்தேன். மேலே ஒரு புள்ளி. 20 மீட்டர் சைட்டை மாற்றாமல் 20, 25, 30, 35 எனப் பின்னால் நகர்ந்து அதே புள்ளிக்கு விட வேண்டும். அம்புகள் கீழே கீழே இறங்கும், அது சகஜம். கோட்டைப் பிடித்து நேராக இறங்குகிறதா என்பதே கேள்வி. முதல் தடவை தூரம் கூடக் கூட இடதுக்குச் சாய்ந்தது. ரெஸ்டைத் துளி வலதுக்கு நகர்த்தியதும் கோட்டோடு ஒட்டி நின்றன. இதெல்லாம் முடிந்த பிறகுதான் சைட்டில் கை வைத்தேன்.

இப்போதைய நிலவரம்: 30 மீட்டரில் இறகு உள்ளதும் இல்லாததும் ஒரு டீ டம்ளர் வாய்க்குள் சேருகின்றன. போட்டித் தூரமான 50 மீட்டரில், 80 சென்டிமீட்டர் தாளில் பத்து என்பது 8 சென்டிமீட்டர் வட்டம். அங்கே ஏழும் எட்டும்தான் அதிகம், ஆனால் இடது வலது பரவல் குறைந்து எல்லாம் மேல்கீழாகவே நிற்கின்றன. அது நாணை விடுவிக்கும் கருவியான ரிலீஸைத் தட்டுவதால் வருவது, வில்லின் குற்றம் இல்லை. இறகில்லாத அம்பு சாக்கில் கோணலாகக் குத்தினால் கார்பனில் கீறல் விழலாம், ஒவ்வொரு தடவையும் காதருகே வளைத்துச் சத்தம் கேட்டுப் பார்த்துவிட்டே மறுபடி மாட்டுகிறேன். கேமும் கேபிளும் சேரும் இடத்தில் வெள்ளை பெயிண்டால் புள்ளி வைத்திருக்கிறேன். புது நாண் நீளுமென்பதால், புள்ளி நகர்ந்தால் கோவைக்கு இன்னொரு தடவை பஸ் ஏற வேண்டும்.