விறைத்த காலையில் அளந்த வீடு

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அண்ணன் கேட்டார்: "எப்போது சென்னைக்கு வருகிறாய்?" வருகிறாயா என்று கேட்கவில்லை. அவருடைய வீடு மூன்றாவது மாடி. அண்ணி தங்கமானவர். ஆனால் அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கவும் நான் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும். இரண்டு தீபாவளிக்குப் போய் அனுபவப்பட்டவள். "திருச்சியிலேயே இருந்துகொள்கிறேன் அண்ணா" என்றேன். "நீ தனியாகவா?" என்றார். அந்தப் பேச்சு அன்றோடு முடியவில்லை. 2019 கார்த்திகையில் தொடங்கியது, இன்றும் பொங்கலுக்குப் பொங்கல் நடக்கிறது.

என் உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978-ல், இரண்டு வயதில் போலியோ. வலது காலில் அதைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர், கையில் ஊன்றுகோல். பள்ளி, கல்லூரி, ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை எல்லாம் அப்படித்தான் ஓடின. கால் செய்ய வேண்டியதையெல்லாம் கைகள் செய்தன. தரையிலிருந்து எழ, படியேற, விழப்போகும்போது எதையாவது பற்றிக்கொள்ள, எல்லாவற்றுக்கும் கைதான். 2017-ல் அந்தக் கைகளுக்கே முடக்குவாதம் வந்தது. வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று நொண்டி என்று தெரிந்து மற்றதை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு நாள் படுத்துக்கொண்டது.

முடக்குவாதம் என்றால் பாதிப் பேர் பக்கவாதம் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர் "மூட்டுவலிதானே, என் மாமியாருக்கும் இருக்கிறது" என்கிறார்கள். மாமியாருக்கு இருப்பது பெரும்பாலும் வயதால் வரும் தேய்மானம். இது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எதிரி யாரென்று தெரியாமல் மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய். விரல் கணுக்களும் மணிக்கட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வீங்கும். காலையில் எழுந்ததும் மூட்டுகள் மரக்கட்டையாய் விறைத்திருக்கும். எனக்கு அந்த விறைப்பு ஒன்பதரை மணி வரை நீடிக்கும். பதினொரு மணிக்கு வந்து பார்ப்பவர்களுக்கு நான் வேறு ஆள். "நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. நானே அந்தத் தவறைச் செய்தேன்.

அம்மாவோடு இருந்தது முதல் மாடி வாடகை வீடு. தரைத்தள வீடு தேடி உறையூர்ப் பக்கம் இரண்டரை மாதம் அலைந்தேன். பதினான்கு வீடுகள். சிலர் தொலைபேசியில் சரி என்றார்கள், ஊன்றுகோலைப் பார்த்ததும் "உறவுக்காரர் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம்" என்றார்கள். ஒரு வீட்டம்மா வெளிப்படையாகவே, "ராத்திரியில் உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள்தானே பதில் சொல்ல வேண்டும்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமே வரவில்லை. உறவுக்காரர் கதைக்கு அது மேல். கடைசியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், காலி செய்யும்போது பழையபடி மாற்றித் தந்துவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு வீடு கொடுத்தார்.

அந்த வீட்டை மாலை நான்கு மணிக்குப் பார்த்தேன். குழாயைத் திருகினேன், ஜன்னலைத் திறந்தேன், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. முன்பணம் கொடுத்துக் குடிவந்தேன். மறுநாள் காலை ஆறரைக்குக் குளியலறைக் குழாய் திரும்பவில்லை. மேல் தாழ்ப்பாள் விலகவில்லை. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தேன். நான் வீடு பார்த்தது நல்ல வேளையில், குடியிருக்க வேண்டியது கெட்ட வேளையிலும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அண்ணனுக்குத் தொலைபேசி செய்யக் கை போனது. அதற்குப் பதில் ஒரு சாக்பீஸ் எடுத்தேன். விரல்கள் மடங்காது என்பதால் அதைச் சுற்றித் துணி சுற்றி, முஷ்டிக்குள் செருகிக்கொண்டேன். ஒரு வாரம் தினமும் காலையில் வீட்டைச் சுற்றி வந்து, அந்த நேரத்தில் என்னால் செய்ய முடியாத ஒவ்வொன்றின் மேலும் பெருக்கல் குறி போட்டேன். வாரக் கடைசியில் எண்ணினால் முப்பத்தொரு குறிகள். குடியேறிய வீடா, இடிக்கப்போகிற வீடா என்று சந்தேகம் வருகிற மாதிரி இருந்தது.

குழாய்கள்தான் எளிது. திருகு குழாய்களைக் கழற்றிவிட்டு, மணிக்கட்டின் பக்கவாட்டால் தள்ளினாலே திறக்கும் நீள்கைப்பிடிக் குழாய்கள் போட்டோம். ஆறு குறிகள் அழிந்தன. மேல் தாழ்ப்பாள்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கினார் தச்சர். குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றச் சொன்னபோது, "நன்றாக இருக்காதும்மா" என்றார். உள்ளே விழுந்து கிடந்தால் என் உடம்பே கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடும், யாராலும் திறக்க முடியாது என்று சொன்ன பிறகு பேசாமல் மாற்றினார். சுவரில் கைப்பிடிக் கம்பி போடும்போது இன்னொரு பாடம். கடையில் கொடுத்தது துண்டு போடும் கம்பி. பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆள் பாரம் விழுந்தால் ஆணியோடு கையில் வந்துவிடும். எனக்கு வந்தது. நல்லவேளையாக அப்போது நாற்காலி பின்னால் இருந்தது.

வாசல்தான் பெரிய தலைவலி. 18 அங்குல உயரத்தில் மூன்று படிகள். எல்லாரும் சாய்தளம் போடு என்றார்கள். சாய்தளத்துக்கு ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். அப்படியானால் 18 அடி. எனக்கும் வெளிக்கதவுக்கும் நடுவே இருந்தது ஒன்பது அடி. "சாய்த்துவிடலாம்மா" என்று கொத்தனார் தயாராக இருந்தார். மழை நாளில் அது சறுக்குமரமாகிவிடும். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: மூன்று படிகளை, மூன்று அங்குல உயரத்தில் ஆறு படிகளாக்குவது, ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து நின்று மூச்சு வாங்க இடம் விடுவது, இரண்டு பக்கமும் குழாய்க் கம்பி. சக்கர நாற்காலிக்கு இது உதவாது. காலிப்பருக்கு இதைவிட நல்லது கிடையாது. இப்போது தெருவில் முழங்கால் வலிக்காரர்கள் எல்லாம் என் வாசலில்தான் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

காலிப்பரின் தோல் வார்களில் இருந்த பக்கிள்களும் விரலுக்கு எட்டாதவை ஆகியிருந்தன. கடைவீதியில் செருப்புத் தைப்பவர் ஒருவர் பக்கிள்களை அறுத்துவிட்டு வெல்க்ரோ வைத்துத் தைத்துக் கொடுத்தார். காலிப்பர் மாட்ட இருபது நிமிடம் ஆனது, நான்கு நிமிடமாகக் குறைந்தது. முன்பு பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கிய ஊன்றுகோலுக்குப் பதிலாக, முன்கையை முழுதாகக் கிடத்திக்கொள்ளும் ஊன்றுகோலை மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சையாளர் பரிந்துரைத்தார். போலியோவைப் பார்க்கும் மருத்துவர் கையைப் பார்ப்பதில்லை, மூட்டு மருத்துவர் காலைப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஒரே ஆள் அவர்.

சமையலறையில் குக்கரைத்தான் முதலில் தள்ளிவைத்தேன். மூடியைத் திருகிப் பூட்டும் அந்த அசைவு மணிக்கட்டுக்கு எமன். சாதத்துக்கு மின்சாரக் குக்கர். இடுக்கி பிடிக்கும் பாத்திரங்களுக்குப் பதில் இரண்டு காது வைத்தவை. எவர்சில்வர் டப்பாக்களின் இறுகிய மூடிகள் பரண் ஏறின. அரிவாள்மனையும் போயிற்று, அது அம்மாவுடையது, அதை மட்டும் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இட்லி மாவு கடையில். ஆட்டி எடுக்காத மாவில் என்ன ருசி என்று சித்தி கேட்டார். ஆட்டியபின் மூன்று நாள் படுத்துக்கிடப்பதில் என்ன ருசி என்று நான் கேட்கவில்லை. 20 லிட்டர் தண்ணீர் கேனைப் போடும் பையன் அதை மேடையில் ஏற்றி, குழாயும் பொருத்திவிட்டுத்தான் போவான்.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா கெட்டிக்காரர், வேகமானவர், ஒழுங்கானவர். அந்த ஒழுங்குதான் வினை. துடைத்ததையெல்லாம் மேல் அலமாரியில் அழகாக அடுக்கிவிடுவார். அவர் போன பிறகு என் வீட்டில் என் டம்ளர் எனக்கு எட்டாது. இரண்டு முறை சண்டை. பிறகு சுவர் நெடுகத் தோள் உயரத்தில் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டினேன். "இதற்கு மேல் உங்கள் ராஜ்யம், கீழே என் ராஜ்யம்" என்றேன். சிரித்தார். அதன் பிறகு சிக்கல் இல்லை.

மருந்து விஷயத்தில் மட்டும் விளையாட்டு இல்லை. முடக்குவாதத்துக்கு நான் சாப்பிடுவது மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே நாள். நான் வைத்திருப்பது சனிக்கிழமை இரவு. ஞாயிறு முழுக்க உடம்பு துவண்டு கிடக்கும், அன்று கணக்கு வேலை எடுப்பதில்லை. ஒருமுறை ஒரு மருந்துக் கடையில் உறையின் மேல் "தினம் 1" என்று பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்த மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வாய்ப்புண்ணில் தொடங்கி, இரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எனக்குத் தெரிந்திருந்ததால் தப்பினேன். தெரியாத ஒரு வயதானவர் கையில் அந்த உறை போயிருந்தால்? அன்றுமுதல் மருத்துவர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்கிறேன். கல்லீரலையும் இரத்த அணுக்களையும் பார்க்கும் பரிசோதனையை, மருத்துவர் சொன்ன தேதி தவறாமல் செய்துகொள்கிறேன். 2020 ஏப்ரலில் நான் சாப்பிடும் இன்னொரு மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஊரெங்கும் கிடைக்காமல் போனது; கொரோனாவுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, நோயில்லாதவர்கள் வாங்கி அடுக்கிக்கொண்டார்கள். அந்த மூன்று வாரம் சாக்பீஸ் குறிகள் சில திரும்பி வந்தன.

சான்றிதழ்க் கதையையும் சொல்ல வேண்டும். பழைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைத் தேசிய அளவிலான தனித்துவ அட்டையாக மாற்ற, 2021-ல் மருத்துவக் குழு முன் போனேன். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகை உடற்குறைகள் இருக்கின்றன. முடக்குவாதம் தனிப் பெயராக அதில் இல்லை. கை அசைவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து இயக்கக் குறைபாட்டில்தான் சேர்ப்பார்கள். காலுக்கு 50 சதவீதம், கைக்கு 30. எண்பது என்று மனத்துக்குள் கூட்டிவிட்டேன். அவர்கள் கணக்கு வேறு: சிறிய எண்ணை, தொண்ணூறில் பெரியது போக மீதமுள்ள பங்குக்குச் சுருக்கித்தான் கூட்டுவார்கள். முப்பது அப்படிப் பதின்மூன்றாகச் சுருங்கி, மொத்தம் 63 வந்தது. மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்குக் கடும் பாதிப்பு என்ற பிரிவில் 75 வேண்டும். கிடைக்கவில்லை. வருமான வரியில் அப்போதிருந்த 80-யூ பிரிவுக் கழிவு 40 இருந்தாலே உண்டு. கணக்குக்காரி என்பதால் அதை விடவில்லை. குழுவின் முன் நான் நின்றதும் காலை பதினொன்றரை மணிக்குத்தான். ஆறரைக்கு வரச் சொல்லியிருந்தால் எத்தனை வந்திருக்கும் என்று பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தனியாக இருப்பதில் இரவு பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். என் ஏற்பாடு பால் பை. பால்காரர் ஆறு மணிக்கு வாசல் கம்பியில் பையை மாட்டுவார். எட்டு மணிக்கும் அது அங்கேயே தொங்கினால் எதிர்வீட்டு அக்கா தன்னிடமுள்ள சாவியோடு வருவார். ஐந்து ஆண்டில் மூன்று முறை வந்திருக்கிறார். ஒருமுறை உண்மையாகவே விழுந்திருந்தேன். குளியலறை, வெளிப்பக்கம் திறக்கும் அதே கதவு. ஒருமுறை காய்ச்சல். மூன்றாவது முறை நான் நன்றாகத் தூங்கிவிட்டேன், அவ்வளவுதான். கையில் துடைப்பத்தோடு படுக்கையருகே நின்றவரைப் பார்த்து அலறியதில் தெருவே கூடிவிட்டது.

முப்பத்தொன்றில் இன்னும் இரண்டு குறிகள் அழியவில்லை. ஒன்று கூடத்து ஜன்னலின் மேல் கொக்கி. அதை வேலைக்கு வரும் அக்கா திறந்துவிடுவார். மற்றொன்று நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் இருக்கிறது, பின்னலுக்காகப் போட்டது. கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மனம் வரவில்லை. பத்து மணிக்கு மேல் விரல்கள் மடங்கும்போது பின்னிக்கொள்கிறேன். அதற்கு முன் யாராவது வந்தால் தலைவிரி கோலமாகத்தான் கதவைத் திறக்கிறேன்.