மரப்பாலம் வீடியோ: உத்தரவைத் தேடி அலைந்த அனுபவம்

ஒருவழியாக நேற்று வீடியோ திரும்ப வந்துவிட்டது. குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோட்டில், மரப்பாலத்துக்கு மேலே தடுப்புச் சுவர் பிளந்து சேறு இறங்கியதை எடுத்துப் போட்டிருந்தேன். சாயங்காலமே ஒரு அதிகாரியிடமிருந்து போன்: "பீதி கிளப்பாதீங்க, எடுத்துடுங்க." நான் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் வீடியோவைக் காணோம். அரசு கேட்டுக்கொண்டதால் நீக்கியதாக ஒரு வரி மெயில் மட்டும் வந்திருந்தது.

அரசு எதையுமே தடுக்கக் கூடாது என்பவன் இல்லை நான். 2009 நவம்பர் மண்சரிவில் 40 பேருக்கு மேல் பலியான மாவட்டம் இது. இந்த மழையிலும் எங்கோ எடுத்த பழைய வீடியோவை, 'காட்டேரி ரோடு போச்சு' என்று எவனோ வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டான். கோவை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். அதைத் தடுக்கட்டும். பொய்யான அபாய எச்சரிக்கைக்குப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறையே உண்டு. ஆனால் என் வீடியோ பொய் என்று ஒருவரும் சொல்லவில்லையே! பேச்சுரிமை மீது அரசியல் சாசனம் 19(2) அனுமதிப்பது நியாயமான கட்டுப்பாட்டைத்தான். நியாயமா இல்லையா என்று பார்க்க உத்தரவு கையில் இருக்க வேண்டாமா?

அதைக் கேட்டு ஊட்டிக்குப் போனேன். "மேலிடத்து விஷயம் தம்பி, பேப்பர் எல்லாம் கிடையாது" என்றார் கிளார்க். ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுவை நீட்டியதும், "இது எங்க செக்‌ஷன் இல்ல" என்று என் பக்கமே தள்ளிவிட்டார். அங்கே நின்று வாதாடாதீர்கள். அலுவலகம் தவறானதாகவே இருந்தாலும், அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவுப்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகையோடு தபாலில் போட்டுவிடுங்கள். 'ஏன் நீக்கினீர்கள்' என்று எழுதினால் பதில் வராது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, கையெழுத்திட்டவர் பதவி, உத்தரவின் நகல் என்று கேளுங்கள்.

30 நாள் கெடு தாண்டியும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகுதான் கடிதம் வந்தது: "எழுத்துபூர்வ உத்தரவு ஏதும் இவ்வலுவலகத்தில் இல்லை." படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இணையத்தில் முடக்கும் அதிகாரம் தரும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவை 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விட்டுவைத்ததற்கு ஒரு காரணம், முடக்கும் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக முடியும் என்பது. இங்கே எழுத்தே இல்லை! அந்தக் கடிதத்தை ஸ்கேன் செய்து தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பினேன். வேலை முடிந்தது.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்தச் சுவருக்குக் கீழே பஸ் ஓடிய மழை நாட்களில்தான் ஜனங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

உங்களுக்கும் இப்படி மெயில் வந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கேமராவிலிருந்து வந்த ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீர்கள். எடுத்த தேதி, நேரத்துக்கு அதுதான் சாட்சி.