பாட்டு ரெடி, பேர்தான் தகராறு

"நாளைக்கு ஸ்பாட்டிஃபைல வந்துடுமா தம்பி?"

சாலிகிராமத்தில் மிக்ஸிங் முடித்துப் படியிறங்கும்போது, பாட்டைப் பாடிய அக்கா கேட்டது இது. வந்துடும்க்கா என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ரெக்கார்டிங் மொத்தமே நாலு நாள். பாட்டு வெளியே வர 56 நாள் ஆனது. அதில் பாதிக்கு மேல் தின்றது எங்கள் பெயர்கள்.

நான் பெரம்பூர்க்காரன். இருபது வருடமாகக் கல்யாணக் கச்சேரி, ஆடி மாதக் கோயில் மேடை என்று கீபோர்டு வாசிக்கிறேன். அடுத்தவர் பாட்டையே வாசித்து வாசித்து, நம்முடையது என்று ஒன்றாவது இருக்கட்டுமே என்று தோன்றியது. வரிகள், ஆட்டோ ஓட்டும் என் பள்ளித் தோழன் எழுதியவை. பாட்டுக்கு 'தகரத்து மழை' என்று பெயர் வைத்ததும் அவன்தான்.

ஸ்பாட்டிஃபையிலோ ஆப்பிள் மியூசிக்கிலோ நாமே போய்ப் பாட்டை ஏற்ற முடியாது, நடுவில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது நம் பாட்டை வாங்கி அந்த ஆப்புகளுக்கு அனுப்பும் கம்பெனி வேண்டும். கேசட் காலம் போல யார் வாசலிலும் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. கணக்கு தொடங்கினால் போதும். காசு வாங்கும் விதம்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டிஸ்ட்ரோகிட்டில் ஆண்டுச் சந்தா. எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றலாம், ஆனால் சந்தாவை நிறுத்தினால் பாட்டும் இறங்கிவிடும். இறங்காமல் இருக்கத் தனியாகக் கட்ட வேண்டும். சிடி பேபியில் வெளியீட்டுக்கு ஒருமுறைக் கட்டணம், அப்புறம் வரும்படியில் 9 சதவீதம் அவர்களுக்கு. மாதம் ஒரு பாட்டு போடுகிறவருக்கு முதல் வழி, என்னைப் போல் ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் போடுகிறவருக்கு இரண்டாவது வழி. நான் எடுத்த கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பின்னால் திட்ட வேண்டியிருக்கிறது.

ஏற்றுவதற்கு முன்னால் ஒரு நல்ல காரியம் செய்தேன். ஹைகோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணும் தெருக்காரர் ஒருவரிடம் எங்கள் ஒப்பந்தத்தைக் காட்டினேன். அக்கா, தோழன், நான் மூவரும் கையெழுத்திட்ட அரைப் பக்கம். படித்துவிட்டுச் சிரித்தார். "உரிமை எத்தனை வருஷத்துக்கு, எந்தெந்த நாட்டுக்குன்னு எழுதவே இல்லையே? 1957 காப்பிரைட் சட்டத்துல பத்தொன்பதாவது பிரிவைப் பாரு. காலம் எழுதலைன்னா அஞ்சு வருஷம், இடம் எழுதலைன்னா இந்தியா மட்டும்." டிஸ்ட்ரிபியூட்டருக்கோ நான் உலகம் முழுக்க உரிமை இருக்கிறது என்று டிக் அடிக்க வேண்டும். மறுபடி எழுதினோம். யாருக்கு எத்தனை பங்கு என்பதையும் அப்போதே எழுதிக்கொண்டோம். பாட்டு ஓடாதவரைக்கும் எல்லோரும் அண்ணன் தம்பிதான், ஓடினால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்.

அடுத்தது லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் தயார் ஒலித்துண்டு. பாட்டின் நடுவில் வரும் பறை, நான் காசு கொடுத்து வாங்கிய சாம்பிள் பேக்கிலிருந்து எடுத்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தில் யூடியூப் கன்டென்ட் ஐடி வேண்டுமா என்று கேட்டிருந்தது. வேறு யாராவது நம் பாட்டை வீடியோவில் போட்டால் கண்டுபிடித்து நம் கணக்கில் சேர்க்கும் ஏற்பாடு அது. ஆனால் பாட்டில் உள்ள ஒவ்வொரு ஒலியும் நம்முடையதாக மட்டும் இருக்க வேண்டும். அதே லூப்பை இன்னும் எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்களோ, அத்தனை பேர் பாட்டையும் நம்முடையது என்று கோருவது போலாகிவிடும். டிக்கை எடுத்துவிட்டால் முடிந்தது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வியாசர்பாடியில் பறை இருக்கும்போது டவுன்லோடு எதற்கு? ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒருவரை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். வெளியில் சருகு கொளுத்தி, பறையைக் காய்ச்சி எடுத்துவந்து இரண்டே டேக்கில் அடித்தார். லூப்பில் இல்லாத ஏதோ ஒரு கோபம் அதில் இருந்தது. கிளம்பும்போது, "பாட்டுல என் பேரு வருமா தம்பி?" என்றார். கண்டிப்பா வரும்ண்ணா என்றேன்.

பேர் என்றதும் படிவத்துக்கு வருகிறேன். இசையமைத்தவர், எழுதியவர் இருவருக்கும் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது கடைசிப்பெயர்? அப்பா வைத்த ஒற்றைப் பெயர், அதற்கு முன்னால் அப்பாவுடைய 'எம்'. கடைசிக் கட்டத்தில் 'எம்' போட்டு அனுப்பினேன். ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்தது: ஓரெழுத்து செல்லாது, முழுப்பெயர் வேண்டும். அப்பா பெயரையே என் கடைசிப்பெயராக எழுதினேன். படிவத்தின்படி அன்றிலிருந்து அந்தக் கம்பெனி மடல் எல்லாம் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னை வரவேற்கிறது. அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

பணம் வாங்கும் பக்கத்தில் இதே கதை இன்னும் பெரிதாக நின்றது. அமெரிக்க வரிப் படிவம் டபிள்யூ-8பென். அதில் பேன் எண்ணைக் கொடுத்து, இந்தியா - அமெரிக்கா வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் அங்கிருந்து வரும் ராயல்டியில் 15 சதவீதம் பிடிப்பார்கள், இல்லாவிட்டால் 30. பேன் கார்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. ஆதாரில் 'எம்' முன்னால். பேங்க் பாஸ்புக்கில் 'எம்' பின்னால். ஒரே ஆள், மூன்று காகிதம், மூன்று பேர். பணம் அனுப்பும் கணக்கின் பெயர் வரிப் படிவத்தோடு பொருந்தவில்லை என்று நிறுத்திவைத்தார்கள். கடைசியில் பேங்கில் போய் பேன் கார்டில் உள்ளபடி மாற்றினேன். "எதுக்கு சார் இப்ப மாத்துறீங்க?" என்று கேட்ட மேடத்திடம், பாட்டு போட்டிருக்கேன் மேடம் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

மற்றதெல்லாம் சின்னச் சங்கதிகள். எம்பி3 கூடாது, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் ஃபைல் வேண்டும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். அக்கா பையன் அழகாக வரைந்து மூலையில் தன் இன்ஸ்டாகிராம் ஐடியை எழுதியிருந்தான், அதற்காகவே ஒருமுறை திரும்பி வந்தது. பாட்டுக்கு 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண் ஒன்று தருவார்கள், அந்த ஒலிப்பதிவின் அடையாளம் அது. அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாறினால் அதே எண்ணோடு போக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ட்ரீம் கணக்கு, அதாவது எத்தனை தடவை கேட்டார்கள் என்ற கணக்கு, பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். கரோக்கி வடிவத்துக்குத் தனி எண்.

தேதியை நாலு வாரம் தள்ளி ஒரு வெள்ளிக்கிழமையாக வைத்தேன். பாட்டுப் பட்டியல் தொகுக்கும் ஸ்பாட்டிஃபை எடிட்டர்களுக்குப் பாட்டை அனுப்புவதென்றால் வெளியாகும் முன்பே அனுப்ப வேண்டும். குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால் நம்மைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலிலாவது வரும். எனக்குப் பின்தொடர்பவர்கள் ஒன்பது பேர். எல்லோரும் ட்ரூப்.

நள்ளிரவு பன்னிரண்டுக்குப் பாட்டு வந்தது. என் பக்கத்தில் வரவில்லை. என் பெயரே கொண்ட, மலையாளத்தில் பக்திப் பாட்டு பாடுகிற ஒருவர் பக்கத்தில், குருவாயூரப்பன் படத்துக்குக் கீழே 'தகரத்து மழை' உட்கார்ந்திருந்தது. ஒற்றைப் பெயரைக் கலைஞர் பெயராகக் கொடுத்தால் இதுதான் நடக்கும். ஏற்றும்போதே "இவர் புதியவர், தனிப் பக்கம் வேண்டும்" என்று குறிக்க ஒரு கட்டம் இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. என் தப்பு அவ்வளவுதான். அதற்கப்புறம் நடந்தது அவர்கள் தப்பு. பதினோரு நாள் ஒரு ரோபோவிடம் பேசினேன். "உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?" என்று அது கேட்கும், இல்லை என்பேன், நன்றி என்று மூடிவிடும். காசு கட்டினவனுக்கு ஒரு மனுஷக் குரல் கிடையாதா? கடைசியில் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற கலைஞர்களுக்கான தளம் வழியாக நானே எழுதி, பாட்டைப் பிரித்து வாங்கினேன்.

முதல் மூன்று மாதத்தில் எல்லா ஆப்பும் சேர்ந்து 1,840 ஸ்ட்ரீம். ஸ்பாட்டிஃபையில் மட்டும் ஆயிரத்தைத் தாண்டியதில் எனக்கு நிம்மதி. 2024இலிருந்து, 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு அங்கே காசு கிடையாது. வந்த தொகையில் எங்கள் தெருமுனைக் கடையில் மூன்று பேரும் டீயும் வடையும் சாப்பிடலாம். அதையும் இன்னும் எடுக்க முடியாது, குறைந்தபட்சத் தொகை சேர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் தருவது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டும்தான். மெட்டுக்கும் வரிக்கும் சேர வேண்டியது ஐபிஆர்எஸ் வழியாக வரும், இசையமைப்பவர்கள், பாட்டெழுதுபவர்களுக்காக 1969இல் தொடங்கிய சங்கம். நானும் தோழனும் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அதிலும் பெயர்க் கட்டம் இருந்தது. இந்தத் தடவை பேன் கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பினேன்.

போன வாரம் வியாசர்பாடி அண்ணனைப் பார்க்கப் போனேன். போனில் பாட்டைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, கிரெடிட்ஸ் பக்கத்தைக் காட்டினேன். பறை என்பதற்கு நேராக அவர் பெயர். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கப்பா இனிஷியல் எங்க தம்பி? 'டி' போடலியே?" என்றார்.

திருத்தம் கேட்டு எழுதியிருக்கிறேன். இன்றைக்கு ஆறாவது நாள்.